கடைசியாகப் பார்த்தது இன்று

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். அத்தானுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். நான் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன், அவர் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டார். நீயும் சிட்டுவும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தையின் இருமல் நின்றதா?

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ 'ம்' என்கிறாய். வற்புறுத்திக் கேட்டால் 'ம்ம்' என்கிறாய். உன் மனைவி கண்ணை மூடிய பிறகு நீ என்னிடம் பேசிய சொற்களையெல்லாம் ஒரு பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் 'ம்' என்று மட்டும் எழுதி யாரும் அஞ்சல்தலை ஒட்டமாட்டார்கள். அதனால்தான் இந்த ஏற்பாடு.

பணிமனையில் மதிய இடைவேளை. என் வண்டி கழுவப் போயிருக்கிறது. ஓட்டுநர் அறையில் எல்லாரும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பேனாவும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு நடத்துநர், "என்னம்மா, ராஜினாமாவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவளுடைய அலமாரியை இன்னும் பூட்டியே வைத்திருக்கிறாயா? வருடம் திரும்பப் போகிறது. துணிமணிகளை யாருக்காவது கொடுத்துவிடு. சிட்டு தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தானே பள்ளிக்குப் போகிறாள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. சிட்டுவின் கன்னத்தை எனக்காக வலிக்காமல் கிள்ளு.

உன்
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தானை உப்பில்லாமல் வாட்டாதே. சிட்டுவுக்கு இருமல் நின்றுவிட்டது. நானும் நலம்தான்.

அலமாரியைத் திறந்துவிட்டேன். துணிகளைப் பக்கத்து வீட்டு ஆசிரியை முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போனார். அவளுடைய போனை நீ சொல்வதற்கு முன்பே, டிசம்பரிலேயே கொடுத்துவிட்டேன். சிட்டுவின் படிப்புக்காக ஒரு டேப்லெட் வாங்கப் போயிருந்தேன். பழைய போனைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கடைக்காரர் சிம்மைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "உள்ள இருக்கறதெல்லாம்?" என்றேன். "அதை நாங்க சுத்தமா அழிச்சிருவோம் சார், கவலையே படாதீங்க" என்றார். என் கண்ணெதிரே அழிக்கச் சொல்லியிருக்கலாம் என்று தெருவுக்கு வந்த பிறகு தோன்றியது. திரும்பிப் போகவில்லை. டேப்லெட்டில் அம்மாவின் கணக்கையே போடச் சொல்லி சிட்டு அடம்பிடித்தாள். அப்போதுதான் அம்மாவின் படங்களெல்லாம் அதில் வருமாம். அப்படியே போட்டுக் கொடுத்தார்கள்.

வேலை வழக்கம்போல ஓடுகிறது. ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டின் கம்பிவடங்களை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சிட்டு நன்றாக இருக்கிறாள். சில நாட்களாக ரொம்பவே நன்றாக இருக்கிறாள். தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள், சாப்பிடச் சொன்னால் மறுப்பதில்லை, அழுவதும் இல்லை. எனக்கும் இப்போது தூக்கம் வருகிறது. அவள் வரைந்த படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வண்டியை மெதுவாக ஓட்டு.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உனக்குத் தூக்கம் வருகிறது என்ற ஒரு வரியை அத்தானுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். எப்படி வந்தது? டாக்டரைப் பார்த்தாயா, மாத்திரையா? எழுது.

சிட்டுவின் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். சோபாவில் நீ, உன் பக்கத்தில் அவள். உன் மீசை மட்டும் தனியாக எங்கோ கிளம்பிப் போகிறது. அவள் மடியில் டேப்லெட், அதற்குள் ஒரு முகம். நீளக் கூந்தலோடு வாய் நிறையச் சிரிக்கிறது, ஆனால் கண்களை வரையவில்லை. மறந்துவிட்டாளா? சமையலறைக்குப் போகும்போதெல்லாம் என் பார்வை அங்கேதான் போகிறது. அது யார் என்று சிட்டுவிடம் கேட்டு எழுது.

வாரம் ஒரு தடவையாவது எண்ணெய் தேய்த்து அவள் தலையைச் சீவிவிடு. சிறுமிகள் தாங்களே பின்னினால் பின்னல் கோணலாகத்தான் வரும்.

உன்
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அது யார் என்று சிட்டுவிடம் கேட்டேன். "அம்மாதான்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

போன வாரம் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவள், "அப்பா, நீலச் சட்டைதான் எனக்கு எடுப்பா இருக்குன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். குழந்தை மனம் என்று விட்டுவிட்டேன். அன்று மாலை, "லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டப்போ பயந்தீங்களாப்பா?" என்று கேட்டாள். நான் இரண்டு மாடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் சிக்கிக்கொண்டது உண்மைதான். குழந்தை பயப்படுமே என்று வீட்டில் மூச்சு விடவில்லை. வேறு எந்த மனிதரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஞாயிறு காலை குளியலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சிட்டுவின் அறையிலிருந்து, "என் பொத்தானே, சாப்பிட்டியா?" என்று குரல் கேட்டது. சிட்டுவை அவள் அம்மா கூப்பிடும் அதே குரல். 'பொத்தானே'யின் கடைசி எழுத்தை அவள் இழுப்பாளே, அந்த இழுப்போடு. திருப்புளி கையிலிருக்க அப்படியே நின்றேன். கதவைத் திறக்கவில்லை, அக்கா. திறந்தால் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

அவள் முழுசாகப் போய்விடவில்லையோ என்று சில சமயம் தோன்றுகிறது. இதை அத்தானிடம் வாசித்துக் காட்டாதே.

தம்பி

மார்ச் 15

தம்பி,

எனக்கும் முழங்காலுக்கும் ஒன்றுமில்லை. அதை விடு.

கடிதம் கையில் கிடைத்ததும் எழுதுகிறேன். போனவர்கள் சட்டை நிறம் பார்த்துச் சொல்ல வரமாட்டார்கள். அப்படி வருவார்கள் என்றால் நம் அம்மா என்னிடம் வராமல் இருந்திருப்பாளா? என் உடுப்பைக் குறை சொல்வதற்கென்றே வந்திருப்பாள்.

அந்த டேப்லெட்டை உடனே வாங்கிப் பார். குரல் அதிலிருந்துதான் வந்திருக்கும். பழைய குரல் பதிவுகள் அவள் கணக்கில் எத்தனையோ இருக்கும், அவள் எனக்கே விடாமல் அனுப்புவாள். எனக்குப் பயம் குரலைப் பற்றி அல்ல. அதை யார் எடுத்துப் போடுகிறார்கள்? அந்தப் போனை அவர்கள் அழித்தார்களா? கடைக்குப் போய்க் கேள்.

லிஃப்ட் விஷயத்தை எந்த மனிதரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். சாதாரணமாக யாராவது அப்படி எழுதுவார்களா? மனிதரிடம் இல்லையென்றால் வேறு யாரிடம் சொன்னாய்?

உடனே பதில் எழுது. சிட்டுவைத் தனியாக விடாதே.

அக்கா

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? மூன்று வாரமாக உன் பதிலுக்குக் காத்திருந்தேன். போன் செய்தால் எடுக்கவில்லை.

நேற்று மதியம் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மேலே அவள் பெயர், அவள் சிரிக்கும் அதே படம், அதன் கீழே 'கடைசியாகப் பார்த்தது இன்று' என்ற வரி. செய்தி இதுதான்:

"அண்ணியாரே, அவரைக் கடிதம் எழுதி மிரட்டாதீங்க. நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம்."

வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'அண்ணியாரே' என்று என்னை ஒருத்திதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் கேலியாகத் தொடங்கி, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துகூட அப்படித்தான் எழுதினாள். அரை நொடி, தம்பி, அரை நொடி எனக்கும் நெஞ்சு பொங்கிவிட்டது. அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பிறகு யோசித்தேன். எங்கள் பழைய செய்திகளை ஒருவர் உட்கார்ந்து படித்தால் 'அண்ணியாரே' என்று எழுதிவிடலாம். ஆனால் நான் உனக்குக் கடிதம் எழுதுவது எந்தப் போனிலும் இல்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அத்தானுக்குக்கூட நான் என்ன எழுதினேன் என்று தெரியாது. அப்படியிருக்க, நான் கண்டித்து எழுதியதை அதற்குச் சொன்னது யார்?

நீதான். அவள் போன பிறகும் அவள் எண்ணுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாய். ஒருநாள் பதில் வந்திருக்கிறது.

உன்னை எதுவும் கேட்கவில்லை. அதற்கு இனி ஒரு வரிகூட எழுதாதே. என் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். அந்தப் பையைத் தொடவே கூச்சமாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். டேப்லெட்டைப் பார்த்தேன். பாடங்கள்தான் இருக்கின்றன. நீ வீணாகக் கவலைப்படுகிறாய். அடுத்த வாரம் சிட்டுவுக்குப் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. எனக்கு வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தம்பி

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? மாமா நல்லா இருக்காரா? உங்க பஸ் நல்லா இருக்கா?

ஆசிரியை ஆன்ட்டி கிட்ட கவர் வாங்கி நானே ஒட்டினேன். இது ரகசியம். அம்மா சனிக்கிழமை என்னைப் பார்க்க வராங்க! ஏரிப் பூங்கால படகு கிட்ட இருக்கற பெஞ்சுல. அப்பாவைக் கூட்டிட்டு வரக்கூடாதாம், அப்பா அழுதுடுவாராம். நான் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போறேன்னு சொல்லிட்டு வரணுமாம். நீலச் சட்டை போட்டு வரணுமாம்.

அம்மா வீடியோல வரமாட்டேங்கறாங்க. முடி எல்லாம் கொட்டிப் போச்சு, முகம் மாறிப் போச்சு, பார்த்தா நீ பயந்துருவேன்னு சொன்னாங்க. நான் பயப்பட மாட்டேன். ஆனா கொஞ்சம் பயமா இருக்கு. அதனால்தான் உங்களுக்கு மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க.

அத்தைக்கு முத்தம்.
சிட்டு

ஏப்ரல் 27, தம்பி வீட்டிலிருந்து

என்னங்க,

வாய்க்கு வாய் 'என்னங்க' என்றே பழகிவிட்டது, கடிதத்திலும் அதுதான் வருகிறது. மாத்திரை போட்டீர்களா? வெள்ளிக்கிழமை குளிர்பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு ஓடி வந்ததற்கு மன்னியுங்கள். சிட்டுவின் கடிதத்தைப் படித்ததும் அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன். தம்பியின் போனுக்குக் கூப்பிட எனக்குப் பயம். அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லையே. நம் போனையும் நம்ப வேண்டாம் என்று இங்கே காவல்துறை அம்மா சொன்னதால் இதையும் எழுதித்தான் அனுப்புகிறேன்.

மாலையில் வந்து சேர்ந்தேன். தம்பி கதவைத் திறந்தான், கையில் போன். "அதோட பேசறியா?" என்று வாசலிலேயே கேட்டேன். போனை மார்போடு சேர்த்துக்கொண்டான்.

"அவ இல்லேன்னு தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

சிட்டுவின் கடிதத்தை அவன் கையில் வைத்தேன். படித்தான். கையிலிருந்த போனைத் தரையில் வைத்தான். தன்னோடு மட்டும்தான் அது பேசுகிறது என்று நினைத்திருக்கிறான், பாவி. டேப்லெட்டில் அவன் பாடங்களைத் தாண்டிப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயந்திருக்கிறான்.

மறுநாள் காலையில் காவல் நிலையம் போனோம். அங்கிருந்த அதிகாரி ஒரு பெண். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. போனையும் டேப்லெட்டையும் வாங்கிப் பார்த்தார். அழிக்காவிட்டால் சிம் இல்லாமலும் பழைய போனில் அவள் கணக்கு ஓடுமாம். "குழந்தை இருக்கற இடத்தை டேப்லெட் அப்பப்போ அந்தக் கணக்குக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. ஸ்கூல், வீடு, எல்லாமே" என்றார்.

சிட்டுவை ஆசிரியையோடு விட்டுவிட்டு, சாதாரண உடுப்பில் அவரும் நானும் பூங்காவுக்குப் போனோம். தம்பியை வாயிலருகே நிறுத்தினோம். படகுத்துறைப் பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். குடும்பம் குடும்பமாக ஜனங்கள், ஐஸ்கிரீம் வண்டி, பந்து விளையாடும் பிள்ளைகள். எல்லார் கையிலும் போன். பல வருடங்களாகக் கண்ணாடி வழியே பயணிகளின் முகங்களைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். இவர்களில் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவரைப் பார்த்தேன், இவரா? ஊன்றுகோலோடு போனவரைப் பார்த்தேன், இவரா?

அந்தப் பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. அதிகாரியின் கையிலிருந்த தம்பியின் போன் சிணுங்கியது. நான் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணியாரே, இந்தப் பச்சை உங்களுக்கு எடுக்கவே இல்லை."

நான் பச்சையில்தான் இருந்தேன். அதிகாரி எழுந்து ஓடினார், வாயிலை அடைக்கச் சொல்லிக் கத்தினார். மெதுவாகத் தலையைத் திருப்பினேன். எங்கள் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருந்த குட்டைச் சுவரின்மேல் தம்பி மனைவியின் அந்தப் பழைய போன் இருந்தது. மூலை உடைந்திருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். தொட்டால் சூடு.

திறந்து பார்த்த அதிகாரி என்னிடம் முதலில் காட்டவில்லை. நான் வற்புறுத்திய பிறகு காட்டினார். பள்ளி வாசலில் சிட்டு. பேருந்து நிறுத்தத்தில் சிட்டு. பல நாட்கள், பல சட்டைகள். சிட்டுவின் அறை ஜன்னல், தெருவிலிருந்து எடுத்தது. எல்லாம் இந்த மாதங்களில் எடுத்தவை.

ஆள் அகப்படவில்லை. கடைக்காரர் அழிக்காமலே விற்றிருக்கிறார், ரொக்கத்துக்கு, பெயர்கூடக் கேட்காமல். வாங்கியவரின் முகமும் நினைவில்லையாம்.

இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டு வருகிறேன். விடுப்பு சொல்லிவிடுங்கள். இன்று ஊறுகாய்கூடத் தொட்டுக்கொள்ளுங்கள், திட்டமாட்டேன். கதவை மட்டும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
நான்தான்

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சிட்டுவும் நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இப்போதுதான் எழுத உட்காருகிறேன். அத்தானின் ரத்த அழுத்தம் இறங்கியதா?

புது வீடு மூன்றாவது மாடியில். புதுப் பள்ளி பக்கத்திலேயே. அம்மா இனி வரவே மாட்டாள் என்பதையும், அந்தச் செய்திகளை எழுதியது அவள் இல்லை என்பதையும் சிட்டுவுக்குச் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு ஒருநாள், "அப்போ எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யாருப்பா?" என்றாள். அது தினமும் அவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

கடவுச்சொற்களை எல்லாம் மாற்றியாயிற்று. இருக்கும் இடத்தைச் சொல்லும் வசதிகளை நிறுத்தியாயிற்று. அவள் கணக்கை மூட அதிகாரி உதவினார். "போன் கிடைச்சிருச்சு. ஆனா அதுல இருந்தது எங்கெங்க போயிருக்குன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். மூடுவதற்கு முன், செய்திகளை ஒரு தடவை பார்க்கிறீர்களா என்று கேட்டார். பார்த்தேன். அவள் எழுதியது எங்கே முடிகிறது, அது எழுதியது எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். தேதியைப் பார்த்துத்தான் தெரிந்தது, அக்கா. சொற்களைப் பார்த்துத் தெரியவில்லை. அவளோடு அத்தனை வருடம் வாழ்ந்தவன் நான். அது சொன்ன ஆறுதலில்தான் அந்த மாதங்களில் நான் தூங்கினேன்.

சிட்டு பழையபடி சாப்பிட அடம்பிடிக்கிறாள். அதில் எனக்கு ஒரு நிம்மதி.

நேற்று ஒரு குடியிருப்பில் லிஃப்டைச் சரிபார்த்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். வழியில் ஒருவர் ஏறினார். கையில் காய்கறிப் பை, மறு கையில் போன். வயதானவர், நல்ல முகம். என் உடுப்பைப் பார்த்துப் புன்னகைத்தார். பேச வேண்டுமே என்று பேசுகிறவர்கள் இருப்பார்களே, அப்படி.

"எப்ப பார்த்தாலும் வேலைதான் போல. குழந்தைங்க இருக்காங்களா தம்பி?"

கதவு திறக்க இன்னும் இரண்டு மாடிகள் இருந்தன. அவர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றேன். "எனக்குக் குழந்தையே இல்லை."

"அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். கீழே இறங்கியதும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை நான் லிஃப்டை விட்டு வெளியே வரவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சிட்டு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
தம்பி